சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒட்டவும்

தராசு என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. கிடங்கு வாரியத்தின் எடைமேடையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து, லாரியைக் காலியாக ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை எடைபோட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு எழுதிக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் வரும்.

நல்ல மனுஷன். ஆனால் ரூல் என்றால் ரூல். சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி டிரைவர், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, விட்டுவிடுங்கள் சார் என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். தராசு அந்த டிரைவரை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார். "நான் என்னப்பா பண்றது, ரூல் ரூல்தானே?" என்றார். டிரைவர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

தராசு குடியிருந்தது வாரியத்தின் மதிலுக்குள்ளேயே, வாரியம் கொடுத்த வீட்டில். வீட்டில் இருந்த கட்டில், மேஜை, ஃபிரிட்ஜ் எல்லாமே வாரியத்துடையவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் உண்டு. குளிக்கிற வாளிக்குக்கூட எண் உண்டு. வாளியை மாற்ற வேண்டுமென்றால் பழைய வாளியின் ஓட்டையை நேரில் காட்ட வேண்டும்.

அவருடைய ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதமாகிறது. மனைவி மகள் வீட்டில்தான் இருந்தார். தராசு மட்டும் இன்னும் பேத்தியைக் கையில் வாங்கவில்லை. முதலில் இருப்புக் கணக்கெடுப்பு என்றார்கள், பிறகு மறு கணக்கெடுப்பு என்றார்கள். போன் திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்த முகம்தான் அவர் கண்ட பேத்தி. இதற்கிடையில் மருமகனுக்குக் கடல் கடந்து வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேருக்கும் விமானம். போனால் திரும்பி வர மூன்று வருடம் ஆகும். அதற்குள் பேத்தி நடந்து, பேசி, பள்ளிக்கூடமே போய்விடுவாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு வாங்கி வைத்திருந்தார் தராசு. ஐந்து மணி நேரப் பயணம்தான். ஒரு சாயங்காலம் முழுக்கப் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு வாரமாகியும் நிற்கவில்லை.

"என்னங்க அது, வீட்டுக்குள்ள லாரி ஓட்டறீங்களா?" என்றார் மனைவி போனில்.

"ஃபிரிட்ஜும்மா."

"நீங்க பேசறது ஒரு வார்த்தை காதுல விழல. போய்ச் சொல்லி சரி பண்ணுங்க. ஆனா ஒண்ணு, அந்தச் சத்தம் வந்தா உங்க பேத்தி அழுகையை நிறுத்திட்டு போனையே பாக்கறா. தாத்தா பேசறதே அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டா போல."

தராசு குனிந்து பார்த்தார். மட்டம் சரியில்லாத எதுவும் அவர் கண்ணிலிருந்து தப்பாது, தொழில் அப்படி. ஃபிரிட்ஜின் முன்காலில் ஒன்று தரையைத் தொடாமல் ஒரு நூல் அளவு தூக்கி நின்றது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்தக் கால் தரையில் தட்டியது. முழங்காலால் லேசாக அழுத்தினார், சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. ஓர் அட்டையை நாலாக மடித்து, காலுக்கடியில் செருகப் போனார். அப்போதுதான் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. 'வாரியச் சொத்தை அனுமதியின்றி நகர்த்தவோ, திருப்பவோ, உயர்த்தவோ கூடாது.'

அட்டையைச் செருகினால் உயர்த்தியதாக ஆகுமே! அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பராமரிப்பு அலுவலகத்துக்கு நடந்தார். வேறு யாராக இருந்தாலும் செருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். தராசுக்கு அது வரவில்லை.

பராமரிப்பு குமாஸ்தா ஒரு பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன சத்தம்?"

"கொர்ருங்குது. அப்புறம் டக்குங்குது."

"அப்படியெல்லாம் எழுத முடியாது சார். விசில், முனகல், இரைச்சல், சொட்டு, கிரீச்சு, வெடிப்பு, இதர. இதுல எது?"

"இதரன்னு போட்டுக்குங்க."

"இதரன்னா மாதிரி வேணும்."

"மாதிரின்னா?"

"செஞ்சு காட்டுங்க, பதிவு பண்ணணும்." குமாஸ்தா போனை நீட்டினார்.

பின்னால் வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். தராசு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ங்கொர்ர்ர்... டக், டக்."

"சளி ஏதாவது இருக்கா சார்? இருந்தா அதுவும் பதிவாயிடும்."

"இல்லப்பா."

"சரி. சத்தம் எண் நூத்திப் பதினாலு. இங்க ஒரு கையெழுத்து."

கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே எழுதியிருந்ததைப் படித்தார். 'ஒலிக் காப்பாளர்' என்று இருந்தது.

"இது என்னப்பா?"

"சும்மா ஒரு சம்பிரதாயம் சார். பதிவான சத்தம் வாரியச் சொத்து. அது யார் வீட்டுல இருக்கோ அவர் அதுக்குப் பொறுப்பு. வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மெக்கானிக் வந்தார். தரையில் காதை வைத்துப் படுத்தார். எழுந்தார்.

"காலுதான் சார். ஒரு அட்டையை மடிச்சு வெச்சா தீந்துது."

தராசு பரவசத்தோடு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். மெக்கானிக் நெருப்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, நான் மின் பிரிவு. குளிர்ச்சி மட்டும்தான் என்னுது. கால் தச்சுப் பிரிவு. தரை கட்டடப் பிரிவு. கால் தரையைத் தொடற இடம் ரெண்டு பேருக்கும் பொது. கூட்டு ஆய்வு வெச்சாத்தான் முடியும்." பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து ஃபிரிட்ஜின் நெற்றியில் ஒட்டினார். 'ஆய்வில் உள்ளது. அசைக்கக் கூடாது.'

வியாழக்கிழமைக்கு வெளியூர்ச் சீட்டு வாங்கத் தராசு அன்றைக்கே போனார். அந்தச் சீட்டு இல்லாமல் பையோடு யாரையும் வெளிவாசல் காவலாளி விடமாட்டார். அதே குமாஸ்தா, வேறு நோட்டு.

"நீங்க காப்பாளர் சார். நீங்க போயிட்டா சத்தத்தை யார் பாத்துக்கறது?"

"அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கும்ப்பா. யாரும் பாத்துக்க வேண்டாம்."

"அப்படி விட்டுட்டுப் போக அது என்ன உங்க வீட்டுச் சத்தமா?"

"சரி, புகாரையே வாபஸ் வாங்கிக்கறேன்."

"தாராளமா. சத்தம் இல்லைன்னு எழுதிக் குடுங்க. ஆனா இல்லாத சத்தத்துக்குப் புகார் குடுத்தா அது பொய்ப் புகார். பொய்ப் புகார்னா விசாரணை. விசாரணை முடியற வரைக்கும்..."

"வெளியூர் போகக் கூடாது," என்று தராசே முடித்தார்.

"பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது!" குமாஸ்தா மனம் நிறைந்து சிரித்தார். வாசல் காவலாளியின் பட்டியலில் அன்று மாலையே தராசின் பெயர் ஏறிவிட்டது. பால் வாங்கப் போனவரைக் காவலாளி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மதில் எவ்வளவு உயரம் என்று தராசு முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். இருபத்தெட்டு வருடம் அதற்கு உள்ளேதான் இருந்திருக்கிறார், கவனித்ததே இல்லை.

புதன்கிழமை கூட்டு ஆய்வு. கட்டடப் பிரிவிலிருந்து ஒருவர், தச்சுப் பிரிவிலிருந்து ஒருவர், குமாஸ்தா, எல்லோருக்கும் மேலே ஒலி ஆய்வு அதிகாரி. சமையலறையில் நிற்க இடமில்லை. அதிகாரிக்கு நாற்காலி போட்டு, அந்த நாற்காலியின் எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். அதிகாரி ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு வீட்டுல சத்தம் வருதுன்னா மத்த இடத்துல என்ன பண்ணுவாங்க? அவசரப்பட்டு நிறுத்திடுவாங்க. நம்ம வாரியம் அப்படியில்ல. பதினேழு வருஷத்துல நூத்திப் பதினாலு சத்தம் பதிவு பண்ணியிருக்கோம். அதுல ஒண்ணையாவது நிறுத்தியிருக்கோமா? கிடையாது. அத்தனையும் பத்திரமா இருக்கு. போன மாசம் முப்பதாம் நம்பர் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். அவர் போயிட்டார். அவர் வீட்டுச் சத்தம் இன்னைக்கும் நம்மகிட்ட இருக்கு. நான் வாரா வாரம் போய்க் கேட்டுட்டு வர்றேன்."

கட்டடப் பிரிவுக்காரர் உருக்கமாகத் தலையாட்டினார்.

பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் ஃபிரிட்ஜ். அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். ங்கொர்ர்ர்... டக். அடுத்து குமாஸ்தாவின் போனில் பதிவாகியிருந்த தராசு. ங்கொர்ர்ர்... டக், டக். அதிகாரி கண்ணைத் திறந்தார்.

"ஒரு டக் குறையுதே!"

"அது... நான் அன்னைக்கு ஒரு வேகத்துல ஒண்ணு கூடப் போட்டுட்டேன் சார்," என்றார் தராசு.

"பதிவுல ரெண்டு இருக்கு. பதிவு தப்பா இருக்காது. ஃபிரிட்ஜுதான் தப்பு. பதிவுக்கு ஏத்த மாதிரி ஃபிரிட்ஜைச் சரிபண்ணுங்க."

மஞ்சள் தாளை முறைப்படி பிய்த்தார்கள். தச்சுப் பிரிவு இடப்பக்கம், கட்டடப் பிரிவு வலப்பக்கம் பிடித்து, இரண்டாவது டக்கைத் தேடி ஃபிரிட்ஜைச் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், ஒரு சாண் தள்ளினார்கள். தள்ளிய இடத்தில் தரை மட்டமாக இருந்தது. நாலு காலும் சரியாக உட்கார்ந்தன.

சத்தம் நின்றது. பத்து நாளாக அந்த இரைச்சலிலேயே கிடந்த தராசுக்குக் காது திறந்த மாதிரி இருந்தது.

"நின்னுடுச்சு! சரியாயிடுச்சு சார்!" என்று குதிக்காத குறையாகச் சொன்னார்.

மற்ற நாலு பேருடைய முகமும் வெளிறிப் போயிருந்தது.

"யார் நிறுத்தினது?" என்றார் அதிகாரி.

"நான் இந்தப் பக்கம்தான் பிடிச்சேன்," என்றார் தச்சுப் பிரிவு. "நான் பிடிக்கவே இல்லை, சும்மா தொட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் கட்டடப் பிரிவு. திரும்பவும் பழைய இடத்துக்குத் தள்ளிப் பார்த்தார்கள். பழைய இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் ஃபிரிட்ஜ் இப்போது சமர்த்தாக ஓடியது.

"சத்தம் போனது நல்லதுதானே சார்?" என்று தராசு மெல்லக் கேட்டார்.

"நல்லதா கெட்டதான்னு சொல்ல நாம யாரு? நோட்டுல நூத்திப் பதினாலு இருக்கு. கையில நூத்திப் பதிமூணுதான் இருக்கு. பதிவான சத்தத்தைக் காணோம்னா காப்பாளர்தான் பதில் சொல்லணும்." அதிகாரி எழுந்தார். "நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள சத்தத்தை ஆஜர்படுத்துங்க."

வியாழக்கிழமை காலை முழுவதும் தராசு சத்தத்தைத் தேடினார். ஃபிரிட்ஜின் தலையில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் கட்டிப்பிடித்து ஆட்டினார். ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரே ஒரு தடவை கத்திடும்மா, புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சவும் செய்தார். அது கம்மென்று இருந்தது. கதவோரம் அவருடைய பை தயாராக இருந்தது. அதில் பேத்திக்கு வாங்கிய இரண்டு ஜோடி காலுறை, ஒவ்வொன்றும் அவர் கட்டை விரல் நீளம். அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

போன் வந்தது. மகள்.

"எங்கப்பா வந்துட்டிருக்கீங்க? பஸ் ஏறியாச்சா?"

"இதோம்மா... கிளம்பிக்கிட்டே இருக்கேன்."

"சீக்கிரம் வாங்கப்பா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இவ காலையிலேருந்து ஒரே அழுகை. உங்க ஃபிரிட்ஜுகிட்ட கொஞ்சம் போனைக் காட்டுங்களேன்."

"அது ஊமையாயிடுச்சும்மா."

திரையில் பேத்தி முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தாள். தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனார்.

"ங்கொர்ர்ர்... டக், டக்."

அழுகை சட்டென்று நின்றது. பேத்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை செய்தார். பொக்கை வாய் விரிந்து சிரித்தாள். தராசு உலகத்தையே மறந்து, ங்கொர்ர்ர் டக் டக், ங்கொர்ர்ர் டக் டக் என்று விடாமல் செய்துகொண்டிருந்தார்.

"கிடைச்சிடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திறந்திருந்த வாசலில் அதிகாரியும் குமாஸ்தாவும் நின்றார்கள். குமாஸ்தா தன் போனில் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"சார், ரெண்டு டக்! அச்சு அசலாப் பொருந்துது!"

"நான் சொன்னேன்ல, பதிவு தப்பா இருக்காது," என்றார் அதிகாரி. அவர் கண்ணில்கூட லேசாக ஈரம். பையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து நூற்றுப் பதினாலு என்று எண் போட்டு, கையெழுத்திட்டார். அதில் பெரிய எழுத்தில் 'பழுது. பழுதுபார்க்க வெளியே அனுப்பவும்' என்றும், கீழே பொடி எழுத்தில் 'சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒட்டவும்' என்றும் இருந்தது. ஃபிரிட்ஜிடம் போனார். காதை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து, தராசின் மார்பில் ஒட்டி, உள்ளங்கையால் நாலு மூலையையும் அழுத்தித் தேய்த்தார்.

"சார், என்ன சார் இது!"

"நான் என்ன பண்றது? ரூல் ரூல்தானே?" என்றார் அதிகாரி.

தராசுக்கு அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டது போலிருந்தது. அது தன்னுடைய குரல்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப, சத்தம்தான் கிடைச்சிடுச்சே, நான் ஊருக்குப் போகலாமா?"

"காப்பாளரா இருந்தா போகலாம். நீங்க இப்போ காப்பாளர் இல்ல, பொருள். பொருளுக்கு லீவு கிடையாது. பணிமனை வண்டி வர்றப்போ அனுப்பி வைப்போம்."

"எப்ப வரும்?"

"எழுபத்திரண்டாம் சத்தம் நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கு," என்றார் குமாஸ்தா ஆறுதலாக.

அவர்கள் போனார்கள். தராசு பையை எடுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமலே நடந்தார். கால் பழக்கத்தில் எடைமேடைக்குக் கொண்டுபோய் விட்டது. அவருக்குப் பதில் அங்கே இருக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். மேடைமேல் சரக்கேற்றிய ஒரு லாரி நின்றது. மரத்தடியில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். அதே டிரைவர், அதே மரம்.

டிரைவர் எழுந்து வந்து அவர் மார்பிலிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். தராசு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "அன்னைக்கு உங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. நான் உங்களை உட்கார வெச்சேன். தப்பு பண்ணிட்டேன்," என்றார்.

"சரியாப் போச்சு சார். இப்போ மூணாங்கிளாஸ் படிக்கிறான்." டிரைவர் தாளை மறுபடி பார்த்தார். "வெளியே அனுப்பவும்னுதானே போட்டிருக்கு? எந்த வண்டியிலன்னு போடலியே. நான் உங்க மக ஊர்ப் பக்கம்தான் போறேன்."

தராசு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அறைக்குள் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். லாரியின் எடையைக் குறித்தார். பையோடு போய் மேடைமேல் ஏறி நின்றார். ஜன்னல் வழியாக டிரைவர் படித்துச் சொன்னார். அந்த எடைமேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். எழுபது கிலோ கூடியிருந்தது. தராசு வந்து அழகான கையெழுத்தில் சீட்டு எழுதினார். பழுது, ஒன்று. எடை, எழுபது கிலோ. அதிகாரி கையெழுத்து என்ற கட்டத்தில், 'பொருளின் மேல் உள்ளது' என்று எழுதினார். அதில் ஒரு பொய் கிடையாது.

வாசலில் காவலாளி பட்டியலை எடுத்தார். தராசின் பெயரில் விரலை வைத்தார். சீட்டைப் பார்த்தார். மார்பைப் பார்த்தார். எண்ணைச் சரிபார்த்தார்.

"என்ன பழுது?" என்று டிரைவரைக் கேட்டார். பொருளிடம் பேசக் கூடாது அல்லவா.

டிரைவர் தராசைப் பார்த்தார்.

"ங்கொர்ர்ர்... டக், டக்," என்றார் தராசு.

காவலாளி குறித்துக்கொண்டார். "திரும்பி வர்ற தேதி போடலியே?"

"சரியானதும் வரும்," என்றார் டிரைவர்.

காவலாளி சீட்டில் ஒரு முத்திரை, தராசின் மார்பில் ஒரு முத்திரை குத்தினார். வாசலை மறித்திருந்த கம்பு மேலே போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி திறந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்து, மார்பிலிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"பழுதுன்னு கண்டுபிடிக்க இவங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆச்சா? கல்யாணமான மறுநாளே நான் சொன்னேனே!"

மகள் சிரித்துக்கொண்டே குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். தராசு இவ்வளவு நாள் எத்தனையோ எடை பார்த்திருக்கிறார். இது எத்தனை கிலோ என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பேத்தி புது முகத்தைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள். அவர் மெதுவாக அந்தச் சத்தத்தைச் செய்தார். அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மார்பிலிருந்த சிவப்புத் தாளின் மூலையை இறுக்கிப் பிடித்துச் சர்ரென்று கிழித்து, வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ, அதைப் பிடுங்குங்கப்பா!" என்றாள் மகள்.

தராசு எச்சிலில் நனைந்த தாளை அவள் பிஞ்சு விரல்களிலிருந்து விடுவித்து, நாலாக மடித்தார். கூடத்து மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருப்பதை உள்ளே வந்ததுமே பார்த்திருந்தார். யாரையும் கேட்காமல் குனிந்து, அதற்கடியில் செருகினார்.